பிரபல இசைக்கலைஞர்களை ஒரு மக்கள் இயக்கம் தன் பக்கம் சேர்ப்பது எப்படி? பிரிட்டனில் 1976 முதல் 1981 வரை நடந்தது

கேள்வி இதுதான்: கட்சிப் பின்பலமும் பெரும் பணமும் இல்லாத ஒரு மக்கள் இயக்கம், பிரபல பாடகர்களையும் இசைக்குழுக்களையும் தன் பக்கம் சேர்க்க விரும்பினால் எங்கிருந்து தொடங்க வேண்டும்? அவர்கள் வந்து சேர்ந்ததால் எங்காவது அரசியல் மாறியிருக்கிறதா, இல்லை கூட்டம் கூடிக் கலைவதோடு சரியா?

இதற்குப் பல நாடுகளிலிருந்து உதாரணங்கள் காட்டலாம். ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று ஆழமாகப் பார்ப்பதே பயன் தரும் என்று நினைக்கிறேன். 1976-ல் பிரிட்டனில் தொடங்கிய ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’, அதாவது ‘இனவெறிக்கு எதிராக ராக் இசை’ என்ற இயக்கம், நட்சத்திரம் ஒருவர்கூட இல்லாமல் ஆரம்பித்து, இரண்டே ஆண்டுகளில் லண்டனில் ஒரு பூங்காவை நிரப்பும் நிலைக்கு வந்தது. அதன் வெற்றி தோல்வி இரண்டும் ஏட்டில் இருக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இயக்கம் கலைஞர்களிடம் அவர்களுடைய பெயரைக் கேட்கவில்லை. வாசிக்க வாருங்கள் என்று மட்டும் கேட்டது. அப்படி வாசிக்க ஒரு மேடை அன்று அவர்களுக்கும் தேவைப்பட்டது. போஸ்டர் ஒட்டுவது முதல் மைக் செட் வாடகைக்கு எடுப்பது வரையிலான வேலைகளை ஊர் ஊராக இருந்த தொண்டர்கள் சுமந்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ‘நேஷனல் ஃப்ரண்ட்’ என்ற வெள்ளை இனவாதக் கட்சி பிரிட்டனில் 1967-ல் உருவானது. 1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்காமில் இனாக் பவல் என்ற கன்சர்வேடிவ் எம்.பி. குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு, அதுவரை பலர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை மேடைப் பேச்சாக்கியது. 1972-ல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்ட ஆசியர்கள் வந்து சேர்ந்தபோதும், தொழிற்சாலைகள் மூடப்பட்டு விலைவாசி ஏறியபோதும் அந்தக் கட்சிக்கு ஆள் சேர்ந்தது. 1976 ஜூன் 4 அன்று மேற்கு லண்டனில் இந்தியர்கள் நிறைந்த சவுத்தால் பகுதியில் குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயது இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு நடந்த பெருநகர லண்டன் மன்றத் தேர்தலில் நேஷனல் ஃப்ரண்டுக்கு ஏறத்தாழ 1,19,000 வாக்குகள் விழுந்தன. கால்பந்து மைதான வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் நின்று பையன்களைப் பிடிப்பது அக்கட்சியின் வழக்கம். ஆகவே போட்டி யாருக்காக என்பது தெளிவாகவே இருந்தது. வாக்குரிமை வந்த, அல்லது விரைவில் வரப்போகிற வெள்ளை இளைஞர்கள் யார் பக்கம் போவார்கள் என்பதே கேள்வி. அந்த வயதினர் பொதுக்கூட்டத்துக்கு வர மாட்டார்கள், பாட்டுக்கு வருவார்கள்.

இந்த இயக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ஒரு பிரபல இசைக்கலைஞர்தான் என்பது இதில் உள்ள விநோதம். 1976 ஆகஸ்ட் 5 அன்று பர்மிங்காம் ஓடியன் அரங்கில் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடிபோதையில் மேடையேறி, இனாக் பவலுக்கு ஆதரவாகப் பேசினார். பிரிட்டன் கறுப்பர்களின் குடியேற்ற நாடாகிவிடாமல் தடுக்க வேண்டும் என்றார். அவர் கற்றுக்கொண்ட இசை அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஜமைக்காவின் பாப் மார்லி எழுதிய, ஷெரீஃபைச் சுட்டது பற்றிய ஒரு பாட்டைத் தன் குரலில் பாடி, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தார். இதே 1976-ல் பிரபல ராக் பாடகர் டேவிட் போவியும் பேட்டிகளில் பாசிசத்தைப் புகழ்வது போலப் பேசிவைத்தார். பின்னாளில் அதற்காக வருந்தினார். பிரபலங்களின் ஆதரவைத் தேடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பாடகரின் வாய் எந்தப் பக்கமும் பேசக்கூடியது. இயக்கம் அதன்மேல் நிற்க ஆரம்பித்தால், அவர் ஒரு நாள் உளறினாலும் இயக்கம் சரியும்.

கிளாப்டனின் பேச்சைப் படித்துவிட்டு ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும், ரோஜர் ஹடில் என்ற அச்சக வடிவமைப்பாளரும், நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். சாண்டர்ஸ் வீதி நாடகம் போடுகிறவர். ஹடில் இடதுசாரிக் கட்சி ஒன்றின் உறுப்பினர். அன்றைய இசை வார இதழ்களுக்கும் ஓர் இடதுசாரிப் பத்திரிகைக்கும் அதை அனுப்பினார்கள். உங்கள் இசையில் பாதி கறுப்பர்களுடையது என்று கிளாப்டனுக்கு நினைவூட்டிய அந்தக் கடிதம், ராக் இசைக்குள் புகுந்துள்ள இனவெறி நஞ்சுக்கு எதிராக அடிமட்டத்தில் ஓர் இயக்கம் கட்ட விரும்புகிறோம், சேர விரும்புகிறவர்கள் எழுதுங்கள் என்று ஒரு முகவரியையும் கொடுத்தது. பின்குறிப்பாக, ஷெரீஃபைச் சுட்டது யார் எரிக், நிச்சயமாக நீங்கள் இல்லை என்று ஒரு குத்தல் வரி. நூற்றுக்கணக்கான பதில்கள் வந்து குவிந்தன.

அந்தக் கடிதத்தின் தொழில்நுணுக்கத்தை நான் பலமுறை வியந்திருக்கிறேன். கோபத்தின் இலக்கு ஒரு நட்சத்திரம், அழைப்போ ரசிகர்களுக்கு. பெரிய பெயர்களுக்கோ அவர்களுடைய மானேஜர்களுக்கோ அது எழுதப்படவில்லை. இசை இதழை வாசிக்கிறவர் யாரோ, அவர்தான் போஸ்டர் ஒட்டப்போகிறவர், ஊரில் ஹால் பிடிக்கப்போகிறவர், சிலர் சொந்தமாகக் குழு வைத்திருக்கிறவர். ஆகவே கலைஞர்களைத் தேடிப் போவதற்கு முன்பே, கலைஞர்களை வரவேற்று மேடையேற்றத் தெரிந்த ஒரு கூட்டம் கையில் இருந்தது. இன்று பல இயக்கங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் ஒரு பிரபலத்தின் வீட்டு வாசலில் போய் நிற்கின்றன. அவர் சரி என்று சொல்லிவிட்டால், அவரை எங்கே நிறுத்துவது, யார் பொறுப்பு, வண்டிச் செலவு யார் தருவது என்பதே தெரியாமல் விழிக்கின்றன.

முதல் நிகழ்ச்சி 1976 நவம்பரில் கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில், ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்ற பப்பில் நடந்தது. மேடையேறியவர் கரோல் கிரைம்ஸ் என்ற ப்ளூஸ் பாடகி. இசை வட்டாரத்தில் மதிப்புள்ளவர், ஆனால் தெருவில் போகிறவர் அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குப் பிரபலம் அல்லர். அங்கிருந்து ஒரு நடைமுறை உருவானது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கறுப்பர் குழு ஒன்றும் வெள்ளையர் குழு ஒன்றும் ஒரே மேடையில் வாசிக்க வேண்டும். இறுதியில் முடிந்தவரை இரு குழுவினரும் கலந்து ஒரு பாட்டாவது சேர்ந்து இசைக்க வேண்டும். சொற்பொழிவு குறைவு. அந்த மேடை அமைப்பிலேயே சொல்ல வேண்டிய அரசியல் அடங்கியிருந்ததால், கலைஞர்கள் நடுவில் நின்று பிரகடனம் வாசிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

கலைஞர்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்பதற்குக் கொள்கை ஒரு காரணம். அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. 1976, 77-ல் பங்க் என்ற புதிய, முரட்டு ராக் இசையை வாசித்த குழுக்களுக்கு ஹால் கிடைப்பதே பெரும்பாடு. உள்ளூர் நகர மன்றங்கள் அனுமதியை ரத்து செய்தன, அரங்க உரிமையாளர்கள் கலாட்டாவுக்கு அஞ்சினார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த ரெகே இசையை வாசித்த கறுப்பர் குழுக்களின் நிலை வேறு விதத்தில் மோசம். தங்கள் சமூகத்தின் மன்றங்களைத் தாண்டி வெள்ளை இளைஞர்கள் முன் வாசிக்க அவர்களுக்கு வழியே இல்லை. இரு தரப்புக்கும் ஏற்கெனவே ஒருவர் இசைமேல் ஒருவருக்கு ஈர்ப்பு இருந்தது. லண்டனின் ‘ராக்ஸி’ கிளப்பில் இசைத்தட்டுப் போட்ட டான் லெட்ஸ், பங்க் இசைத்தட்டுகள் போதிய அளவு வெளிவராத அந்த நாட்களில் ரெகே தட்டுகளைப் போட்டு வெள்ளைப் பையன்களைப் பழக்கிவைத்திருந்தார். இயக்கம் அவர்களுக்கு மேடையும் புதிய ரசிகர்களையும் கொடுத்தது. அவர்கள் இயக்கத்துக்கு இளைஞர்களைக் கொடுத்தார்கள். இதைக் கொடுக்கல் வாங்கல் என்று சொல்ல நான் கூச மாட்டேன். ஆதரவு கேட்டுப் போகிறவர் கையில் கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டால், அவர் கேட்பது நன்கொடைதான். நன்கொடை ஒரு முறை கிடைக்கும், தொடர்ந்து கிடைக்காது.

1977-ல் ‘டெம்பரரி ஹோர்டிங்’ என்ற பெயரில் அவர்கள் ஒரு பத்திரிகையும் நடத்தத் தொடங்கினார்கள். டேவிட் விட்ஜரி என்ற மருத்துவர் அதில் எழுதினார். சிட் ஷெல்டனும் ரூத் கிரிகரியும் வடிவமைத்தவர்களில் முக்கியமானவர்கள். கத்தரித்து ஒட்டிய படங்களும் கோணல்மாணலான எழுத்துகளுமாக, பங்க் இளைஞன் காசு கொடுத்து வாங்கி அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி இருந்தது அந்த இதழ். இசைக்கலைஞர்களின் பேட்டிகளுக்கு நடுவே அயர்லாந்து பற்றியும் ஆப்பிரிக்க விடுதலை பற்றியும் பெண்ணுரிமை பற்றியும் கட்டுரைகள் வந்தன. ஊர்க் கிளைகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் தாமே தோன்றின. லீட்ஸ் நகரக் கிளை வாரந்தோறும் நிகழ்ச்சி நடத்தும் கிளப்பாகவே இயங்கியது. அங்கே நேஷனல் ஃப்ரண்ட் ஆதரவாளர்களும் சொந்தமாக இசைக்குழுக்களை வைத்துக்கொண்டு கூட்டம் சேர்த்ததால், பையன்கள் எந்த அரங்குக்குள் நுழைகிறார்கள் என்பதே அந்த ஊரின் அரசியல் சண்டையாக இருந்தது. பேட்ஜும் இதழும் டிக்கெட்டும் விற்ற காசில் செலவு ஓடியது. 1978-ல் மட்டும் சுமார் 300 நிகழ்ச்சிகள் நடந்ததாகக் குறிப்பிடப்படுகிறது. பெரிய பூங்கா நிகழ்ச்சிகளின் புகைப்படங்களையே எல்லோரும் பார்க்கிறோம். அவற்றைத் தாங்கியவை இந்த முந்நூறுதான்.

இனி பூங்காவுக்கு வருவோம். 1977 ஆகஸ்டில் தென்கிழக்கு லண்டனின் லூயிஷத்தில் நேஷனல் ஃப்ரண்ட் நடத்திய ஊர்வலத்தை எதிர்ப்பாளர்கள் மறித்து, பெரும் மோதலானது. அதன் பிறகு அந்த ஆண்டு நவம்பரில் ‘நாஜி எதிர்ப்பு லீக்’ என்ற பரந்த கூட்டமைப்பு பிறந்தது. லீகும் இசை இயக்கமும் சேர்ந்து 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்கா வரை ஊர்வலமும், முடிவில் இலவச இசைவிழாவும் நடத்தத் திட்டமிட்டன. இடத்தேர்வில் இருந்த சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். நேஷனல் ஃப்ரண்ட் வாக்குச் சேகரித்த தெருக்களின் வழியாகவே ஊர்வலம் போக வேண்டும். கச்சேரிக்காக வந்தவரும் நடந்து வந்து ஒரு அரசியல் பேரணியில் பங்கேற்றவராகிவிட வேண்டும். மேடைக்குத் தீ வைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் தொண்டர்கள் இரவு முழுவதும் காவல் இருந்தார்கள். இன்னும் சில ஆண்டுகளில் தொலைக்காட்சிப் பொம்மை நையாண்டியால் புகழ்பெறவிருந்த பீட்டர் ஃப்ளக், ரோஜர் லா என்ற இருவர், இனவாதக் கட்சித் தலைவர்களின் ராட்சதக் காகிதக்கூழ்த் தலைகளைச் செய்து கொடுத்தார்கள். லாரிகளின் மேல் இசைக்குழுக்கள் வாசித்துக்கொண்டே போயின. சுமார் 20,000 பேரை எதிர்பார்த்த இடத்துக்கு 80,000 பேருக்குக் குறையாமல் வந்ததாக அமைப்பாளர்கள் கணக்கிட்டார்கள்.

மேடையில் யார் யார் என்று பார்த்தால் ஆள் சேர்த்த விதம் புரியும். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாடகி பாலி ஸ்டைரீன், தந்தை வழியில் சோமாலியர். பர்மிங்காமின் ஹாண்ட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த ஸ்டீல் பல்ஸ் என்ற ரெகே குழுவினர், அமெரிக்கக் கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலின் முகமூடித் தொப்பிகளை அணிந்துகொண்டு அந்தக் கும்பலையே கிழிக்கும் பாட்டைப் பாடினார்கள். தி கிளாஷ் என்ற பங்க் குழு வந்தது. கடைசியாக டாம் ராபின்சன் குழு. தன்பாலின ஈர்ப்பை வெளிப்படையாக அறிவித்திருந்த ராபின்சன் அது பற்றிய தன் பாட்டையும் பாட, பூங்காவே சேர்ந்து பாடியது. மேடையை நடத்திய சாண்டர்ஸ், இது வுட்ஸ்டாக் (1969-ல் அமெரிக்காவில் நடந்த புகழ்பெற்ற இசைவிழா) அல்ல, நாஜிகளுக்கு எதிரான திருவிழா என்று, அச்சில் ஏற்ற முடியாத சில சொற்களையும் சேர்த்து, மைக்கில் முழங்கினார்.

அதே மேடையில் தலைவலியும் இருந்தது. எந்தக் குழு கடைசியில் வாசிப்பது என்பதில் உரசல். கிளாஷ் ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் போனதில் மேடைக்குப் பின்னால் தகராறு. அதைவிடப் பெரிய சங்கடம் ஒரு சட்டை. கிளாஷ் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் அன்று இத்தாலியின் ‘சிவப்புப் படை’ என்ற ஆயுதக் குழுவின் பெயர் பொறித்த டி-ஷர்ட்டுடன் மேடையேறினார். அந்தக் குழு மார்ச் 16 அன்று இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்தி, அவரை இன்னும் பிணையாக வைத்திருந்த நாட்கள் அவை. மே 9 அன்று அவர் சடலமாகக் கிடைத்தார். தொழிற்சங்கங்களையும் எம்.பி.க்களையும் சேர்த்து வைத்திருந்த ஒரு கூட்டணியின் மேடையில் இந்தச் சட்டை! ஆனால் விழா சிதையவில்லை. ஒரே ஒரு குழுவின் பெயரில் நடந்த கூட்டமாக இருந்திருந்தால் மறுநாள் பத்திரிகைகளில் அந்தச் சட்டை மட்டுமே மிஞ்சியிருக்கும். பல குழுக்கள், பல அமைப்புகள், தெருவை அடைத்த ஊர்வலம் எல்லாம் சேர்ந்திருந்ததால் அது ஓர் ஓரத்துச் செய்தியாகவே நின்றது. கலைஞரைக் கட்டுப்படுத்த முயல்வது வீண்வேலை. எந்த ஒரு கலைஞராலும் கவிழ்க்க முடியாதபடி மேடையை அகலமாகப் போடுவதுதான் அமைப்பாளரின் கையில் இருக்கிறது.

என் பார்வையில், அந்த இயக்கம் சேர்த்த கலைஞர்களில் மிகவும் மதிப்புமிக்கவர் கிளாஷும் அல்ல, ராபின்சனும் அல்ல. ஷாம் 69 என்ற பங்க் குழுவின் பாடகர் ஜிம்மி பர்சி. அவருடைய ரசிகர்களில் ‘ஸ்கின்ஹெட்’ எனப்பட்ட மொட்டைத்தலை இளைஞர்கள் ஏராளம். அவர்களில் கணிசமானோர் நேஷனல் ஃப்ரண்டின் ஆட்கள் அல்லது அதன் பக்கம் சாய்ந்தவர்கள். ஏற்கெனவே ஒத்த கருத்துள்ள ரசிகர்களை வைத்திருக்கும் பாடகரைச் சேர்ப்பதால் கூட்டம் பெருகும். எதிர்முகாமின் ரசிகர்களை வைத்திருக்கும் பாடகரைச் சேர்த்தால் எதிர்முகாமில் ஓட்டை விழும். 1978 பிப்ரவரியில் லண்டனின் ஒரு பாலிடெக்னிக்கில் ஷாம் 69 குழுவையும், சவுத்தாலின் மிஸ்டி இன் ரூட்ஸ் என்ற ரெகே குழுவையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். அடிதடி நடக்கும் என்று எல்லோரும் அஞ்சிய அந்த இரவு, இரு குழுவும் சேர்ந்து வாசிப்பதில் முடிந்தது. விக்டோரியா பூங்காவில் கிளாஷுடன் பர்சி பாடினார். செப்டம்பர் 24 அன்று தெற்கு லண்டனின் பிராக்வெல் பூங்காவில் நடந்த இரண்டாவது விழாவில் ஷாம் 69 வாசிப்பதாக இருந்து, மிரட்டல்கள் வந்ததால் விலகியது. இருந்தும் பர்சி நேரில் வந்து மேடையேறி, நான் என்ன செய்ய வேண்டும் என்று எவரும் எனக்குச் சொல்ல முடியாது, இந்த இயக்கத்தை ஆதரிப்பதால் வந்திருக்கிறேன் என்று உடைந்த குரலில் சொன்னார். ஒரு கலைஞர் சொந்த ரசிகர்களின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டு வரும்போது, அவரைப் பாதுகாக்கும் பொறுப்பும் இயக்கத்துக்கு வந்துவிடுகிறது. பர்சிக்கு அது போதுமான அளவு கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே செப்டம்பர் 24, இந்த இயக்கத்தின் கரும்புள்ளியும் ஆகும். அன்று நேஷனல் ஃப்ரண்ட் வேண்டுமென்றே கிழக்கு லண்டனில், வங்காளிகள் வாழும் பிரிக் லேன் பகுதியை ஒட்டி ஊர்வலத்தை வைத்துக்கொண்டது. சுமார் ஒரு லட்சம் பேர் நகரின் தெற்கே பூங்காவில் ஆடிப்பாடிக்கொண்டிருக்க, பிரிக் லேனைக் காக்கச் சென்றவர்கள் சொற்பம். பாதுகாப்புக்குப் போதுமான ஆட்கள் போயிருக்கிறார்கள் என்ற உறுதியை நம்பிப் பெரும்பாலோர் பூங்காவிலேயே இருந்துவிட்டார்கள். விக்டோரியா பூங்கா விழா முடிந்த நான்காம் நாள், மே 4 அன்று, வைட்சேப்பலில் அல்தாப் அலி என்ற 25 வயது ஆடைத் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டதை அந்தப் பகுதி மக்கள் மறந்திருக்கவில்லை. அவருடைய சவப்பெட்டியைப் பின்தொடர்ந்து ஆயிரக்கணக்கான வங்காளிகள் பிரதமர் இல்லம் வரை நடந்தார்கள். அந்தப் பேரணிக்கு எந்தப் பிரபல பாடகரும் தேவைப்படவில்லை. இசை, கூட்டத்தைக் கூட்டுகிறது. கூடிய கூட்டம் தேவையான தெருவில் நிற்கிறதா என்பது தனிக் கேள்வி, அதற்குப் பாடகர் பதில் சொல்ல முடியாது. அமைப்பாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், மேடைகளில் ஆசியக் கலைஞர்கள் அரிது என்ற விமர்சனமும் நியாயமானதே. நாஜி எதிர்ப்பு என்ற முழக்கம், அன்றாட இனவெறியைவிட நாஜிச் சின்னத்தைப் பெரிதாக்கிக் காட்டியது என்று சமூக ஆய்வாளர் பால் கில்ராய் பின்னர் எழுப்பிய விமர்சனத்தையும் தள்ளிவிட முடியாது.

1979 ஏப்ரல் 23 அன்று சவுத்தால் நகர மன்றத்தில் நேஷனல் ஃப்ரண்ட் தேர்தல் கூட்டம் நடத்தியபோது, எதிர்த்துத் திரண்ட மக்கள்மேல் போலீஸ் தடியடி நடத்தியது. நியூசிலாந்தில் பிறந்த பிளேர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைத் தாக்கியவர் ஒரு போலீஸ்காரராகத்தான் இருக்கக்கூடும் என்ற முடிவைத் தாங்கிய உள் விசாரணை அறிக்கை 2010-ல்தான் வெளியிடப்பட்டது. மிஸ்டி இன் ரூட்ஸ் குழுவின் மானேஜர் கிளாரன்ஸ் பேக்கர் மண்டை உடைந்து நெடுநாள் நினைவிழந்து கிடந்தார். அவர்களுடைய ‘பீப்பிள் யுனைட்’ அமைப்பு அதே தெருக்களில் இயங்கியது. அதன் இசைத்தட்டு நிறுவனம்தான் தி ரட்ஸ் என்ற வெள்ளையர் பங்க் குழுவின் முதல் தட்டை வெளியிட்டது. இவர்களை யாரும் வெளியிலிருந்து அழைத்து வரவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர்மேல் வழக்குகள் விழுந்தபோது, ஜூலையில் லண்டன் ரெயின்போ அரங்கில் இரண்டு இரவுகள் நிதிக் கச்சேரி நடந்தது. கிளாஷும், தி ஹூ குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்செண்டும், ரட்ஸும் மிஸ்டியும் வாசித்தார்கள். பணம் வழக்குச் செலவுக்குப் போனது. பிரபலமான பெயர் பணமாக மாறி, பணம் வக்கீல் கட்டணமாக மாறும் இந்த வழி, எத்தனை மேடை முழக்கத்தைவிடவும் உறுதியானது.

அரசியல் மாறியதா என்று கேட்டீர்கள். 1979 மே 3 பொதுத் தேர்தலில் நேஷனல் ஃப்ரண்ட் 303 வேட்பாளர்களை நிறுத்தியது. கிடைத்தது மொத்த வாக்கில் 0.6 சதவீதம், அத்தனை பேரும் டெபாசிட் இழந்தார்கள். அதன் பின் அக்கட்சி பிளவுபட்டுத் தேய்ந்தது. இந்தப் பெருமையை முழுவதும் இசைக்குத் தருகிறவர்கள் ஓர் உண்மையை விட்டுவிடுகிறார்கள். 1978 ஜனவரியில், அன்று எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர் மார்கரெட் தாட்சர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், வேறு பண்பாட்டினரால் தாங்கள் மூழ்கடிக்கப்பட்டுவிடுவோமோ என்று மக்கள் அஞ்சுகிறார்கள் என்றார். இனவாதக் கட்சிக்குப் போகவிருந்த வாக்குகளில் ஒரு பகுதியை கன்சர்வேடிவ் கட்சி அப்படி இழுத்துக்கொண்டது. இசை இயக்கம் தடுத்தது வேறொன்றை: அடுத்த தலைமுறைத் தொண்டர்கள் அந்தக் கட்சிக்குக் கிடைக்காமல் போனது. 1978-ல் விக்டோரியா பூங்காவில் நின்ற கூட்டத்தில் ஒருவரான, பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற பில்லி பிராக், தன் அரசியலை அன்றே கண்டுகொண்டதாகப் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

அதே பிராக் பங்கேற்ற இன்னொரு முயற்சியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1985 நவம்பரில் பிராக், பால் வெல்லர், ஜிம்மி சோமர்வில் முதலியோர் ‘ரெட் வெட்ஜ்’ என்ற பெயரில் சேர்ந்து, இளைஞர்களைத் தொழிற்கட்சியின் பக்கம் திருப்ப முனைந்தார்கள். தொடக்க விழா நாடாளுமன்ற வளாகத்தில். அலுவலகம் கட்சித் தலைமையகத்தில். பெயர்கள் மிகப் பெரியவை, நிகழ்ச்சிகள் நல்லவை, பாடகர்களும் எம்.பி.க்களும் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசிய பகற்கூட்டங்கள் உண்மையிலேயே பயனுள்ளவை. ஆனால் 1987 தேர்தலில் தாட்சர் 102 இடங்கள் பெரும்பான்மையோடு மீண்டும் வென்றார். வெல்லர் அரசியல்வாதிகளிடம் நெருங்கிப் பழகிய அந்த அனுபவத்தால் கசந்துபோனதாகப் பிறகு பேசினார். ரெட் வெட்ஜ் பாடகர்களிடம் கேட்டது, தேர்தல் நாளில் மட்டும் பலன் தெரியக்கூடிய ஒன்றை. கட்சி எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. முந்தைய இயக்கமோ அன்றிரவே அரங்குக்குள் நிறைவேறும் ஒன்றைக் கேட்டது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு நேராகச் சொல்வதானால், பட்டியலின் உச்சியிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் ஊரில் கையில் வாத்தியத்தோடு மேடை தேடிக்கொண்டிருக்கிற இருபது குழுக்களைப் பிடியுங்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் இரண்டே ஆண்டுகளில் பிரபலமாகிவிடலாம். கிளாஷும் ஸ்டீல் பல்ஸும் அப்படி வளர்ந்துகொண்டிருந்தவர்களே, அசைக்க முடியாத இடத்தில் ஏற்கெனவே அமர்ந்திருந்தவர்கள் அல்லர். பெரிய பெயரை அணுகும்போது அறிக்கையில் கையெழுத்துக் கேட்காமல், தேதி, இடம், உடன் வாசிக்கப்போகிறவர் யார், பணம் எதற்குப் போகும் என்ற நான்கையும் சொல்லி அழையுங்கள். உங்களுக்குத் தெரிந்த இன்னொரு கலைஞர் மூலம் அழைத்தால் இன்னும் நல்லது. கலைஞர் சம்பளம் வாங்காமல் வாசிக்கலாம், வழிச்செலவை நீங்கள் கொடுத்தாக வேண்டும். மைக் செட்காரருக்கும் விளக்குக்காரருக்கும் முழுக் கூலி கொடுங்கள்; கொள்கைக்காக அவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்பதற்கு எந்த இயக்கமும் இதுவரை சரியான பதில் சொன்னதில்லை. கட்சி சார்பு இருந்தால் மறைக்காதீர்கள். ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ அமைப்பில் சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சியினர் பலர் இருந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. மேடையில் கட்சிக்கு ஆள் பிடிக்கவில்லை என்பதால்தான் மற்றவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

எத்தனை காலம் நடத்துவது என்பதையும் முன்கூட்டியே யோசித்துவையுங்கள். 1981 ஜூலை 4 அன்று லீட்ஸின் பாட்டர்நியூட்டன் பூங்காவில் கடைசிப் பெருவிழா நடந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவாக இருந்த கவென்ட்ரியின் தி ஸ்பெஷல்ஸ் அங்கே வாசித்தது. இரண்டு குழுக்களை ஒரே மேடையில் ஏற்றுவதே செய்தியாக இருந்த நிலை ஐந்து ஆண்டுகளில் அங்கு வந்து சேர்ந்திருந்தது. எதிரிக் கட்சி தேய்ந்துவிட்டிருந்தது, தொண்டர்கள் களைத்திருந்தார்கள், அமைப்பை நிரந்தர நிறுவனமாக்க வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டுக்குள் கலைத்துவிட்டார்கள். தேவை மீண்டும் எழுந்தபோது, 2002-ல், வேறு ஆட்கள் அந்த நாளைய முழக்கம் ஒன்றையே பெயராக வைத்துப் புதிய அமைப்பைத் தொடங்கினார்கள்.